குறியீடு நாற்பத்தொன்று

ஜம்பியிலிருந்து வந்த மண்
நீலக் குளிர்பெட்டியில் படகேறி, சுங்கம் தாண்டி
ஜூரோங்கில் என் மேசைக்கு வந்தது.
பாதியாய்ப் பிளந்த குழாயில் கிடத்தி
ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள்.
மண் என்றா சொன்னேன்?
மண் இல்லை அதில்.
இலை, வேர், பட்டை,
ஐயாயிரம் ஆண்டு மழையில் ஊறியும்
அழுக மறுத்தவை.
ஆறாவது மீட்டரில் ஒரு விதையுறை,
செம்பு நிறம் மாறாமல்.
வெளிக்காற்று பட்டதும்
நான் பார்க்கப் பார்க்கக் கறுத்தது.

அங்கே கம்புட் என்கிறார்கள்.
பூன் லே சமூக மன்றத்தில் தமிழில் பேசக் கேட்டதால்
சொல் தேடினேன்.
முற்றா நிலக்கரி என்றது அகராதி.
முற்றாததா? அதற்கு அவசரமில்லை, அவ்வளவுதான்.
மருதம் என்றால் நெல் வந்து நிற்கிறது,
நெய்தல் என்றால் உப்பு.
நீரும் நிலமும் கைவிடாமல் பிடித்துக்கொண்ட இடத்துக்கு
நம்மிடம் திணை இல்லை.
கம்புட் என்றே எழுதிக்கொண்டேன்.

அளக்க வேண்டுமென்றால் எரிக்க வேண்டும்.
பீங்கான் மூசையில் பத்து கிராம்,
ஐந்நூற்றைம்பது டிகிரி, நான்கு மணி நேரம்.
திறந்தால் ஒரு சிட்டிகைச் சாம்பல்,
நெற்றிக்குக்கூடப் போதாது.
மீதி ஒன்பது புள்ளி எட்டு
புகைபோக்கி வழியே ஜூரோங்கின் மேல் போய்விட்டது.
அதையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஹெர்மான்ஷா படம் அனுப்புவார்.
கால்வாய் வெட்டிய ஆண்டு
நுனி மட்டும் தெரியத் தரையோடு இறக்கிய இரும்புக்குழாய்
இப்போது அவர் மார்புக்கு நிற்கிறது.
குழாய் வளரவில்லை.
பின்னால் செம்பனைகள் வேர் வெளியே தெரிய
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருக்கின்றன,
சம்பள நாள் இரவில் ஆட்கள் நிற்பதுபோல.
நிலம் எங்கே போனது என்றாள் ஹுவே லிங்.
மேலே கைகாட்டினேன்.
அவள் டியூப்லைட்டைப் பார்த்தாள்.

நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லியே வளர்ந்தோம்.
இது புகையில்லாமல் எரிகிறது.
நீரை வடித்துவிட்டால் போதும்.
தீக்குச்சி வேண்டாம்,
பற்றவைத்தவன் பெயர் வேண்டாம்.
காற்று உள்ளே நுழையும்,
மீதியை அது பார்த்துக்கொள்ளும்.
புகைமூட்டம் வந்த வாரங்களில்
நூற்றைம்பத்து மூன்று என்றது குறியீடு.
எதிர் புளோக் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டு,
மின்தூக்கியில் இருமல்,
ஊரே தென்மேற்கைப் பார்த்துத் திட்டியது.
பிறகு காற்று திரும்பியது, திட்டு நின்றது.
நிலம் நிற்கவில்லை.

தீபாவளிக்கு ஒன்பது நாள்.
அடுப்பருகே ஐந்து லிட்டர் டின்: தாவர எண்ணெய்.
எந்தத் தாவரம் என்று டின் சொல்லாது.
கடலை எண்ணெய் வாங்கலாமே என்றதற்கு
அருள்ராஜ் பதில் பேசவில்லை,
விலைச்சீட்டை மட்டும் தூக்கிக் காட்டினார்.
எந்தத் தோட்டம், எந்தக் கால்வாய்,
என் மூசை எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.
முதல் முறுக்கு சிவந்து மேலே வந்தது.
உடைத்து வாயில் போட்டேன்.
நன்றாக இருந்தது.
அதுதான் கஷ்டம்.

பத்தரைக்குச் செய்தி வந்தது.
வாரம் முழுக்க மூட்டை அடுக்கி அடைத்த வாய்க்கால்,
தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது,
விடிவதற்குள் யாரோ உடைத்துவிட்டார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
செம்பனைக்குக் கால் நனைந்தால் பிடிக்காது.
குலை குறைந்தால்
அறுப்பவனுக்குக் கூலி குறையும்;
அவர் தம்பியும் அறுக்கிறவன்தான்.

துணி காயப்போட ஜன்னலைத் திறந்தேன்.
பன்னிரண்டாம் மாடி.
கடலில் காத்துநிற்கும் கப்பல்களின் விளக்கு
ஒவ்வொன்றாய் எண்ணும்படி தெளிந்திருந்தது.
நாற்பத்தொன்று, நன்று என்றது கைப்பேசி.
மூங்கில் கழியைக் குழாய்க்குள் செருகினேன்.
இருட்டுக்குள் நீண்டு
ஈரச்சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.